வலிக்காத புண்: சர்க்கரை நோயில் கால் பறிபோவது எப்படி, எங்கெங்கே தடுக்கலாம்

தெருவில் ஒருவருக்குக் காலை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால், கூடவே விளக்கமும் வந்துவிடும்: "சுகர் இருந்துச்சு, புண்ணு ஆறல, அழுகிடுச்சு, எடுத்துட்டாங்க." கேட்பவர் உச்சுக்கொட்டிவிட்டு, தன் காலை ஒருமுறை பார்த்துக்கொண்டு போய்விடுவார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் பல வாரங்கள், சில சமயம் பல மாதங்கள், விழுங்கப்பட்டிருக்கின்றன. சர்க்கரை நோய் வந்தவருக்குக் கால் திடீரென்று போவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தாறு காரியங்கள் நடந்தால்தான் அந்த இடத்துக்கு வர முடியும். நடுவில் எந்த ஒன்றை நிறுத்தினாலும் கால் தப்பிக்கும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு நடக்கும் கால் அகற்றங்களில் சுமார் 85 சதவீதத்துக்கு முன்னால் பாதத்தில் ஒரு புண் இருந்திருக்கிறது. அந்தப் புண்ணை வரவிடாமல் செய்வதும், வந்தால் சீக்கிரம் ஆறவைப்பதும்தான் முழு வேலையும். அதற்கு முதலில் புண் எப்படி வருகிறது என்பது புரிய வேண்டும்.

வேலூரில் தெரியவந்த ஒரு விஷயம்

ரத்தத்தில் சர்க்கரை கூடினால் சதை இனித்துப்போய், புண் அழுகிவிடும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. இதே மாதிரி ஒரு எண்ணம் ஒரு காலத்தில் தொழுநோயைப் பற்றியும் இருந்தது. தொழுநோய்க் கிருமியே விரல்களைத் தின்றுவிடுகிறது என்றுதான் மருத்துவர்களும் நம்பினார்கள். 1914-ல் கொல்லிமலையில் பிறந்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அறுவைச் சிகிச்சை நிபுணராக வந்த பால் பிராண்ட் அதை நம்பவில்லை. நோயாளிகளின் சதை மற்றவர்களுடையதைப் போலவே ஆறுகிறது என்பதை அவர் கவனித்தார். மாவுக்கட்டுப் போட்டுக் காலுக்கு ஓய்வு கொடுத்தால் வருடக்கணக்கில் ஆறாத புண்ணும் மூடியது. கட்டைப் பிரித்து நடக்கவிட்டால் திரும்பி வந்தது. நரம்பு செத்துப்போய் வலி தெரியாததால், அவர்கள் புண்ணின் மேலேயே நடந்துகொண்டிருந்தார்கள். சிதைவுக்குக் காரணம் அதுதான்.

1966-ல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் தொழுநோய்க்குக் கையாண்ட அதே முறைகள் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பொருந்தின. இன்று உலகம் முழுவதும் சர்க்கரைப் புண்ணுக்குச் செய்யும் சிகிச்சையின் ஒரு வேர் வேலூரில் இருக்கிறது. நம்மவர்களுக்கே இது அதிகம் தெரியாது.

கடைசி வீட்டு வோல்டேஜ்

ஒரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நீளமாகப் போகும் லைனில் கோளாறு வந்தால், முதலில் விளக்கு மங்குவது கடைசி வீட்டில்தான். உடம்பில் மிக நீளமான நரம்பு முதுகுத்தண்டின் அடியிலிருந்து கால் விரல் நுனி வரை போகிறது. ஏறக்குறைய ஒரு மீட்டர். வருடக்கணக்கில் உயர்ந்திருக்கும் சர்க்கரை நரம்பிழைகளைக் கெடுக்கும்போது, விரல் நுனிதான் முதலில் மரத்துப்போகும். பிறகு பாதம், கணுக்கால் என்று மேலேறும். இந்த நரம்புச் சேதத்துக்கு நியூரோபதி என்று பெயர்.

நியூரோபதி மூன்று வேலை செய்கிறது. ஒன்று, தொடு உணர்வையும் வலியையும் எடுத்துவிடுகிறது. செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் வெறுங்காலோடு பத்தடி நடந்து போயிருப்பார்கள். தரையில் பஞ்சு விரித்து நடப்பது போல இருக்கிறது என்பார்கள். இரண்டாவது, பாதத்துக்குள் இருக்கும் சின்னத் தசைகளைச் சுருங்கவைக்கிறது. அதனால் விரல்கள் பருந்தின் நகம்போல் வளைந்து, விரலடி எலும்புகள் உள்ளங்காலில் துருத்திக்கொண்டு நிற்கும். மூன்றாவது, வியர்வைச் சுரப்பிகளுக்குப் போகும் நரம்பும் கெடுவதால் தோல் காய்ந்து பித்தவெடிப்பு விழும். வெடிப்பு என்றால் கிருமிக்குத் திறந்த கதவு.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். "ராத்திரியெல்லாம் பாதம் எரியுது டாக்டர், அப்போ உணர்ச்சி நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?" இல்லை. எரிச்சல், சுள்ளென்ற குத்தல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு எல்லாமே கெட்டுக்கொண்டிருக்கும் நரம்பு கிளப்பும் தவறான சத்தம். எரியும் பாதத்திலேயே ஆணி குத்தினால் தெரியாமலும் போகலாம். இரண்டும் ஒரே காலில் சேர்ந்திருக்கும். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் இந்த மரத்துப்போதல் கூடலாம். அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

அலைன்மென்ட் போன டயர்

லாரியில் வீல் அலைன்மென்ட் போனால் டயர் ஒரு ஓரத்தில் மட்டும் தேயும். டயர் மட்டமான சரக்கு என்று யாரும் சொல்வதில்லை. எடை ஒரே இடத்தில் விழுகிறது என்று டிரைவருக்குத் தெரியும். விரல் வளைந்த பாதத்திலும் இதுதான் நடக்கிறது. உடம்பின் எடை உள்ளங்கால் முழுவதும் பரவாமல், துருத்திய ஒன்றிரண்டு எலும்பு முனைகளில் விழுகிறது. ஒரு நாளைக்கு 5,000 அடி நடந்தால் ஒவ்வொரு பாதமும் 2,500 முறை அந்த முனையில் இறங்குகிறது.

உணர்ச்சியுள்ள கால் இதைத் தானே சரிசெய்துகொள்ளும். கொஞ்ச தூரம் நடந்தபின் அந்த இடம் நோகும், நாம் அறியாமலே பாதத்தைச் சற்றுச் சாய்த்து வைப்போம், உட்காருவோம், செருப்பை மாற்றுவோம். மரத்துப்போன கால் அப்படிச் செய்யாது. 2,500 முறையும் அதே புள்ளியில்தான் மிதிக்கும்.

தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. இதைத்தான் காய்ப்பு என்கிறோம். சின்னதாகக் கூர்ந்து உள்ளே இறங்கினால் கால் ஆணி. காய்ப்பு ஒரு கவசம் என்று நினைத்து விட்டுவைப்பார்கள். உண்மையில் அது செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல் மாதிரி. கெட்டியான அந்தத் தோல், அடியில் இருக்கும் சதையை ஒவ்வொரு அடியிலும் நசுக்குகிறது. உள்ளே ரத்தம் கட்டுகிறது, திசு குழைகிறது, ஒருநாள் மேல்தோல் திறந்துகொள்கிறது. வெள்ளையும் மஞ்சளுமான காய்ப்பின் நடுவில் கடுகளவு கறுப்போ செம்பழுப்போ தெரிந்தால் அடியில் ரத்தம் கசிந்துவிட்டது என்று பொருள். புண் ஏற்கெனவே இருக்கிறது, மூடி திறக்கவில்லை, அவ்வளவுதான். பாதச் சிகிச்சை தெரிந்தவர் அந்தக் காய்ப்பைச் சீவி எடுத்தாலே அந்த இடத்து அழுத்தம் கால் பங்குக்கு மேல் குறையும்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: நரம்பு கெட்டதால் வலி இல்லை, வடிவம் மாறியதால் எடை ஒரே இடத்தில் விழுகிறது, வலி இல்லாததால் அங்கேயே திரும்பத் திரும்ப மிதிக்கிறோம். புண் வந்தாயிற்று. கிருமியோ ரத்தச் சர்க்கரையின் இன்றைய அளவோ இன்னும் இந்தக் கதைக்குள் வரவே இல்லை.

கடைமடைக்குத் தண்ணீர்

காவிரியில் தண்ணீர் திறந்தால் முதல் மடைக்காரருக்குக் கவலை இல்லை. கடைமடைக்காரர்தான் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதயத்திலிருந்து பார்த்தால் பாதம் கடைமடை. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, பீடி சிகரெட் எல்லாம் சேர்ந்து காலுக்கு வரும் ரத்தக்குழாய்களை அடைப்பதைப் புறத்தமனி நோய் என்கிறார்கள். சர்க்கரை நோயில் முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய குழாய்கள்தான் அதிகம் அடைபடும்.

விளைந்து நிற்கும் பயிருக்குக் கொஞ்சம் ஈரம் போதும். நடவுக்கு வயல் நிறையத் தண்ணீர் வேண்டும். தோல் முழுசாக இருக்கும்வரை குறைந்த ரத்த ஓட்டத்திலும் பாதம் உயிரோடு இருந்துவிடும். புண் வந்து புதுச் சதை வளர வேண்டிய நேரத்தில்தான் பல மடங்கு ரத்தம் தேவைப்படும், அப்போதுதான் பற்றாக்குறை வெளியே தெரியும். "நேத்து வரைக்கும் நல்லா நடந்துட்டு இருந்தாரே" என்று வீட்டார் திகைப்பதற்குக் காரணம் இது.

நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும், நின்றால் விட்டுவிடுவதும் இந்த நோயின் வழக்கமான அறிகுறி. ஆனால் நியூரோபதி இந்த வலியையும் மறைத்துவிடும். பாதம் கைக்குக் கதகதப்பாக இருக்கிறது என்பதை வைத்தும் ஓட்டம் நன்றாக இருப்பதாக முடிவுகட்ட முடியாது. நரம்பு கெட்ட பாதத்தில் ரத்தம் திசுவுக்குள் சரியாக நுழையாமல் மேலோட்டமாகவே ஓடித் திரும்பி, தோலைச் சூடாகக் காட்டும்.

நிலைக்கதவும் கரையானும்

புண்ணுக்குள் கிருமி போவதுதான் அடுத்த படி. ரத்தச் சர்க்கரையின் இன்றைய அளவு இங்கேதான் முக்கியமாகிறது. சர்க்கரை மிக உயர்ந்திருந்தால் கிருமியைக் கொல்லும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். கிருமி பிடித்தால் சர்க்கரை இன்னும் ஏறும். சுகர் காரணமில்லாமல் திடீரென 300, 400 என்று எகிறினால், கால் விரலிடுக்கைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். அந்த நேரத்தில் தற்காலிகமாக இன்சுலின் போடச் சொன்னால் மறுக்கக் கூடாது.

நிலைக்கதவைக் கரையான் அரிக்கும்போது வெளியே பெயின்ட் அழகாக இருக்கும்; விரலால் அழுத்தினால் உள்ளே போகும். பாதமும் அப்படித்தான். விரல்களை அசைக்கும் தசைநாண்கள் உறைகளுக்குள் ஓடி உள்ளங்கால் வழியாகக் கணுக்காலுக்குப் போகின்றன. விரலில் பிடித்த சீழ் அந்த உறையைப் பிடித்துக்கொண்டு ஒன்றிரண்டு நாளில் உள்ளங்காலுக்கு ஏறிவிடும். வெளியே மிளகளவு ஓட்டை, உள்ளே சீழ்க்குளம். வலியும் இல்லை, வயதானவர்களுக்குக் காய்ச்சல்கூட வராமல் இருக்கலாம். நாற்றம், வீக்கம், புண்ணைச் சுற்றி 2 சென்டிமீட்டருக்கு மேல் பரவும் சிவப்பு, கறுத்த தோல், கொப்புளம், குளிர்நடுக்கம் இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கும் அந்த ஓர் இரவுக்குள் விரல் அளவில் முடிய வேண்டியது பாதம்வரை போய்விடலாம். மாநிறம், கறுப்பு நிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. அடுத்த காலோடு ஒப்பிட்டுச் சூடும் வீக்கமும் பாருங்கள்.

பத்து நிமிடப் பரிசோதனை

சர்க்கரை நோய் கண்டுபிடித்த நாளிலிருந்தே வருடத்துக்கு ஒருமுறை பாதத்தைச் சோதிக்க வேண்டும். மருத்துவரிடம் போனால் செருப்பையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு உட்காருங்கள். காட்டினால்தான் பார்ப்பார்கள் என்பது நடைமுறை. 'பாதம் பாதுகாப்போம்' என்ற பெயரில் தமிழ்நாடு அரசு ஒரு திட்டமே வைத்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையைத் தோலில் செங்குத்தாக அழுத்துவார்கள். 10 கிராம் அழுத்தத்தில் அது வளையும். பெருவிரலின் அடி, பெருவிரல் எலும்பு மேடு, சுண்டுவிரல் எலும்பு மேடு ஆகிய இடங்களில் இழை வளைவதுகூடத் தெரியவில்லை என்றால், காக்கும் உணர்வு போய்விட்டது. 128 ஹெர்ட்ஸ் அதிர்வுக்கவையை விரலில் வைத்து, அதன் அதிர்வு தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். ரத்த ஓட்டத்துக்குப் பாதத்தின் மேற்புறத்திலும் உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள், இதுதான் ஏபிஐ. 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு. 1.3-க்கு மேல் வந்தால் "சூப்பர்" என்று நினைத்துவிடக் கூடாது. குழாயில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருப்பதால் கருவி ஏமாறுகிறது. அப்போது கால் விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றும் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். தொட்டது தெரிந்தால் "வலது" அல்லது "இடது" என்று சொல்லச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒரு பூவைத் தொடுவது போல ஒன்றிரண்டு வினாடி தொட்டுவிட்டு எடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, "தெரியுதா?" என்று கேட்கவும் கூடாது. இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம், ஒவ்வொன்றுக்கும் ஒரே வாய்ப்பு. இரண்டு அல்லது அதற்கு மேல் தவறவிட்டால் உணர்வு குறைந்துவிட்டது.

முடிவைப் பொறுத்து அடுத்த பரிசோதனை தள்ளிப்போகும் அல்லது நெருங்கும். உணர்வும் ஓட்டமும் நன்றாக இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை. இரண்டில் ஒன்று குறைந்திருந்தால் 6 முதல் 12 மாதம். இரண்டும் குறைந்திருந்தாலோ, ஒன்று குறைந்து பாத வடிவமும் மாறியிருந்தாலோ 3 முதல் 6 மாதம். உணர்வோ ஓட்டமோ குறைந்த காலில் முன்பு புண் வந்திருந்தாலோ, விரல் எடுத்திருந்தாலோ, சிறுநீரகம் செயலிழந்திருந்தாலோ 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை.

தினமும் வீட்டில்

மரத்த காலுக்குக் கண்தான் வலி. தினமும் ஒரே நேரத்தில், குளித்து முடித்ததும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது, இரண்டு பாதத்தையும் மேலே, கீழே, விரலிடுக்கில், குதிகாலில் பாருங்கள். குனிய முடியாதவர் செல்போனில் உள்ளங்காலைப் படமெடுத்துப் பார்க்கலாம். சர்க்கரையால் கண்பார்வை மங்கியவர்களுக்கு வீட்டில் இன்னொருவர்தான் பார்க்க வேண்டும். தானே பார்த்து "ஒண்ணுமில்ல" என்றால் நம்பவேண்டாம்.

கழுவிய பின் விரலிடுக்கை ஒற்றித் துடையுங்கள், ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும். தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ பாதம் முழுக்கத் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். கால் ஆணிக்குக் கடையில் விற்கும் கார்ன் கேப்பில் இருப்பது தோலை அரிக்கும் அமிலம். உணர்வுள்ளவருக்கு அது மருந்து, உணர்வில்லாதவருக்கு அதுவே புண். பிளேடால் ஆணியைத் தானே சீவுவதும் அப்படித்தான். மெட்டி இறுகிப்போயிருந்தால் அதன் அடியில் தோல் எப்படி இருக்கிறது என்று கழற்றிப் பாருங்கள். கழற்ற வரவில்லை என்றால் அதுவே வெட்டி எடுக்கவேண்டிய காரணம்.

சூடு தனிக்கதை. உளைச்சலுக்கு வெந்நீரில் கால் வைப்பது நம் வீடுகளில் மாறாத வைத்தியம். மரத்த கால் கொதிநீரையும் இதமாகவே உணரும். கொப்புளம் வந்தபின்தான் தெரியும். பைக் சைலன்சர், பஸ்ஸில் டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடி, வெந்நீர்ப் பை என எல்லாவற்றிலும் இதே ஆபத்து. கோயில் பிராகாரத்தின் கருங்கல் மதிய வெயிலில் சில நிமிடங்களில் உள்ளங்கால் தோலை உரித்துவிடும். திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், வெறுங்காலோடு. உணர்வு போனவருக்கு அது வேண்டாம் என்று சொல்வதில் தயங்க ஒன்றுமில்லை. கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. வெயில் ஏறுமுன் போய் வரலாம். சாக்ஸ் போட்டுக்கொண்டால் சூடு தாங்கும் என்று நம்பவும் வேண்டாம்.

வீட்டுக்குள் செருப்பு போடுவது நமக்கு ஒவ்வாத பழக்கம். ஆனால் ஊசி, உடைந்த வளையல் துண்டு, ஸ்டேப்ளர் பின் எல்லாம் கிடப்பது வீட்டுத் தரையில்தான். வெளியே போகாத, கழுவிவைத்த தனிச் செருப்பு ஒரு ஜோடி வீட்டுக்கு வாங்கிவிட்டால் பெரியவர்களின் ஆட்சேபணை பாதி குறையும்.

புண் வந்துவிட்டால்

சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான காஸ் துணியால் மூடி, அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு, பச்சிலை எதுவும் வேண்டாம். இவற்றால் வரும் முதல் கெடுதி, அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாமல் போவது.

மருத்துவர் செத்த தோலையும் காய்ப்பையும் வெட்டி எடுப்பார். "சின்னப் புண்ணா இருந்துச்சு, ஆஸ்பத்திரிக்குப் போனதும் பெருசாக்கிட்டாங்க" என்ற புகார் இங்கேதான் பிறக்கிறது. மூடி எடுத்தால் பாத்திரத்தின் உண்மையான அளவு தெரியும், அவ்வளவே. கிருமி பிடித்ததற்கான அடையாளம் இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. எலும்புவரை போயிருக்கிறதா என்று மழுங்கிய கம்பியால் தொட்டுப் பார்ப்பார்கள், எக்ஸ்ரேயும் எடுப்பார்கள்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, எடையை அந்த இடத்திலிருந்து இறக்குவது. ஆஃப்லோடிங் என்பார்கள். உள்ளங்கால் புண்ணுக்கு இதில் சிறந்தது முழங்காலுக்குக் கீழ்வரை பாதத்தோடு ஒட்டிப் போடும் மாவுக்கட்டு, அல்லது கழற்ற முடியாதபடி பூட்டிய பூட்ஸ். எடை கெண்டைக்கால் பக்கச்சுவருக்குப் பரவிவிடும், புண் மூச்சுவிடும். ரத்த ஓட்டம் மிகக் குறைவாகவோ கிருமி கடுமையாகவோ இருந்தால் இந்தக் கட்டு போட மாட்டார்கள். கழற்றக்கூடிய பூட்ஸ் கொடுத்தால் என்ன ஆகிறது என்று அடிகளை எண்ணும் கருவி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான அடிகள்தான் பூட்ஸோடு நடந்தவை.

"நான் நடக்கவே இல்ல டாக்டர், பாத்ரூமுக்கு மட்டும்தான்." கணக்குப் போடுவோம். கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு 20 அடி, திரும்ப 20. ஒரு நாளைக்குப் பத்து முறை. மொத்தம் 400 அடி, அதில் 200 புண் உள்ள காலில். வலிக்கும் புண் உள்ளவர் அந்த 200-ஐயும் நொண்டி நொண்டிக் குதிகாலில் வைத்துக் கடத்தியிருப்பார். இவர் புண்ணின் மேலேயே வைத்திருக்கிறார். மருந்தை மாற்றி மாற்றிப் போட்டும் ஆறாத புண்களில் பலவற்றுக்கு மருந்தில் கோளாறு இல்லை, இந்த 200 அடியில்தான் கோளாறு.

நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் அதே கட்டைத் தொடரக் கூடாது. எடை இறங்குகிறதா, ரத்தம் வருகிறதா, எலும்பில் கிருமி இருக்கிறதா என்று முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாகச் சிவந்து வீங்கி, வலி பெரிதாக இல்லை என்றால் அதைச் சுளுக்கு என்று நினைத்து உருவிவிடப் போகாதீர்கள். மரத்த காலில் எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும் ஷார்கோ பாதமாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். அந்த நேரத்தில் கட்டுப் போட்டு மாதக்கணக்கில் எடையை இறக்கினால் பாதம் உருவம் கெடாமல் தப்பும். நடந்தால் நடுப்பாதம் படகின் அடிபோல் வளைந்துபோகும், அந்த வளைவில் அடுத்த புண் வரும்.

"எடுத்துவிட வேண்டும்" என்று சொன்னால்

பயத்தில் மருத்துவமனைக்கே போகாமல் தள்ளிப்போடுபவர்கள் நிறைய. "விரல்ல ஆரம்பிப்பாங்க, அப்புறம் முழங்கால், அப்புறம் தொடை." இப்படி நடப்பதும் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. ரத்த ஓட்டத்தைச் சோதிக்காமல் விரலை எடுத்தால், எடுத்த இடத்தில் உண்டாகும் புதுப் புண்ணும் ஆறாது. தண்ணீர் வராத வயலில் நாற்றை எத்தனை முறை நட்டாலும் காயும்.

கணுக்காலுக்குக் கீழே எடுப்பது சிறு அகற்றம், மேலே எடுப்பது பெரிய அகற்றம். செத்த விரல் ஒன்றை எடுத்துப் பாதத்தைக் காப்பாற்றுவது தோல்வி கிடையாது. அதற்குப் பிறகும் சொந்தக் காலில் நடக்கலாம். உயிருக்கு ஆபத்தான கிருமிப் பரவலில் சீழை உடனே திறந்துவிட வேண்டும், அதில் மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக் கூடாது. அந்த அவசரம் இல்லாதபோது, காலை எடுக்கக் கையெழுத்துக் கேட்டால், மூன்று கேள்வி கேளுங்கள். கணுக்கால், விரல் அழுத்தம் பார்த்தீர்களா? ரத்தக்குழாய் நிபுணர் பார்த்தாரா? அடைப்பைப் பலூன் வைத்தோ பைபாஸ் செய்தோ திறக்க வழி இருக்கிறதா? கணுக்கால் அழுத்தம் 50 மில்லிமீட்டருக்கும், விரல் அழுத்தம் 30-க்கும் கீழே இருந்தால் இந்தக் கேள்விகள் அவசரமானவை. எடுக்கத்தான் வேண்டும் என்றானால் முழங்கால் மூட்டு மிஞ்சுமா என்று கேளுங்கள். மூட்டு இருந்தால் செயற்கைக் காலோடு நடப்பது எவ்வளவோ சுலபம்.

ஆறிய பிறகு

புண் மூடியதும் எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள், பழைய செருப்பு வாசலில் காத்திருக்கும். ஆறியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடியும் புண் வருகிறது. நரம்பு திரும்பவில்லை, எலும்பு முனை அப்படியே இருக்கிறது, மேலே இருப்பதோ புதுத் தோல். வசதி இருந்தால் தோலின் வெப்பத்தை அளக்கும் கருவியால் இரண்டு பாதத்தின் ஒரே இடங்களைத் தினமும் ஒப்பிடலாம். 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால் உள்ளே நசுங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நடையைக் குறைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

செருப்பு விஷயத்தில் ஹவாய் செருப்பு கூடாது. கழன்று விழாமல் இருக்க விரல்கள் அதை இறுக்கிப் பிடிக்கும், நடுவார் விரலிடுக்கை அறுக்கும். குதிகாலுக்குப் பின்னால் பட்டையும், மேலே ஒட்டிப் பிரிக்கும் பட்டையும் உள்ள எம்.சி.ஆர். செருப்பு வேண்டும். எம்.சி.ஆர். என்பது நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பர். அதன் அடியில் ஆணி இறங்காத கெட்டி ரப்பர் இருக்க வேண்டும், மேல்பட்டையை ஆணி அடிக்காமல் ஒட்டியோ தைத்தோ இருக்க வேண்டும். பாதம் லேசாக வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் வாங்குங்கள். காகிதத்தில் நின்று பாதத்தை வரைந்து வெட்டி எடுத்துப்போங்கள். அந்தக் காகிதத்தைச் செருப்பில் வைத்தால் ஓரம் மடங்கக் கூடாது, நீளமான விரலுக்கு முன்னால் 1 முதல் 2 சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றிப் பாதத்தில் தடம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். போடுமுன் ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

எம்.சி.ஆர். நாளடைவில் செத்துப்போகும். வெளியே புதிதுபோலவே இருக்கும். பெருவிரல் மேடு பதியும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுங்கள். குழி உடனே மேலெழும்பினால் இன்னும் ஓடும். அமுங்கியபடியே நின்றால் செருப்பை மாற்றும் நேரம் வந்துவிட்டது.